ஏழு எழுத்துகள்

பெட்ரோல் போட்டு முடித்துக் கிளம்பும் நேரம். பக்கத்து வரிசையில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். என்னை அவன் பார்க்கவே இல்லை. நேரே வண்டியின் மூக்குப் பக்கம் போய்க் குனிந்து, பானட்டுக்குக் கீழே வரிசையாகப் பதித்திருந்த தங்க நிற எழுத்துகளை ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எழுத்துக்கூட்டினான். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. கடைசி எழுத்தில் விரலை வைத்தபடியே திரும்பி, “போர்ஷ்ப்பா” என்றான். அப்பா என்னைப் பார்த்து, “ஒரிஜினலா சார்?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சும்மா மரியாதைக்குத் தலையசைத்தேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். அவர் ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். “நல்லாப் பாத்துக்கடா, இனிமே எங்க பாக்கப் போற” என்று பையனிடம் சொன்னார். நான் சாவியைத் திருப்பி, எஞ்சின் பிடித்ததும் கிளம்பிவிட்டேன்.

அந்தத் தலையாட்டல் இரண்டு மாதம் என்னை விடவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை, யாரிடமும் காசு வாங்கவில்லை, வண்டியை விற்கப் போவதும் இல்லை. ஆனாலும் இரவு படுத்தால் அந்தப் பையனின் விரல்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

என் வண்டி போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் நகல். உடம்பு முழுக்க ஃபைபர். அடியில் இருப்பது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தரைத்தட்டு, பீட்டிலின் எஞ்சின், பீட்டிலின் கியர் பாக்ஸ். இதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் “இல்லைங்க, ரெப்ளிகா” என்றுதான் சொல்லிவந்தேன். அதைச் சொன்னதும் பெரும்பாலும் எதிரே நிற்பவரின் முகம் சற்று வாடும். அடுத்து வரும் கேள்வி எனக்கு மனப்பாடம்: “ஓ, டூப்ளிகேட்டா?” கள்ள நோட்டுக்கும் போலி மருந்துக்கும் சொல்கிற அதே சொல். நான்கு வருடம் கையெல்லாம் ரெசின் (ஃபைபர் நாரை இறுக்கும் பசை) ஒட்டி, நகம் கறுத்து, முதுகு வலிக்க வேலை பார்த்த ஒன்றுக்கு அந்தச் சொல் விழும்போது ஒவ்வொரு முறையும் வலித்தது. அன்றைக்கு அதைக் கேட்கத் தெம்பில்லை, அதனால் தலையை ஆட்டினேன். காரணம் புரிந்துவிட்டது, மனசுதான் ஆறவில்லை.

முப்பது சென்டிமீட்டர்

வண்டி என் கைக்கு வந்தபோது பாதிதான் முடிந்திருந்தது. வேறொருவர் ஆசையாகத் தொடங்கி இடையில் விட்டுவிட்ட கிட், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளும் வண்டி. இப்படிப் பாதியில் நின்றவை கைமாறுவது கிட் கார் பிரியர்களிடையே சாதாரணம். உள்ளே விரித்திருந்த கார்பெட்டை முதல்முறை தூக்கிப் பார்த்தபோது தரையில் இடமிருந்து வலமாக ஒரு வெல்டிங் கோடு ஓடியது. பீட்டிலின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 2,400 மில்லிமீட்டர். 356-க்கு 2,100 மட்டுமே. அந்த 300 மில்லிமீட்டரை, பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் நீளத்தை, தரைத்தட்டின் நடுவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பற்றவைத்தால்தான் ஸ்பீட்ஸ்டரின் உடம்பு அதன்மேல் உட்காரும். கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். டிரைவர் பக்கம் மீன்செதில் மாதிரி அடுக்கடுக்காக, ஒரே சீராக இருந்தது. மறுபக்கம் போகப் போக மணிமணியாகத் திரண்டிருந்தது. இரண்டு இடத்தில் கிரைண்டர் பட்ட தடம். செய்தவருக்குக் கை சோர்ந்த இடம் அது என்று நினைத்துக்கொண்டேன். அவரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த இரண்டு இடங்களை விரலால் தடவியபோது ஆளைப் பக்கத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

வெட்டுவது தரையோடு முடிந்துவிடாது. நடுவில் முதுகெலும்பு போல ஓடும் டனலுக்குள்தான் பீட்டிலின் உயிர்நாடிகள் எல்லாம் போகின்றன. கியர் ராடு, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கேபிள்கள், முன்னால் இருக்கும் டேங்கிலிருந்து பின்னால் இருக்கும் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாய், அத்தனையும் அதே 300 மில்லிமீட்டர் குறைந்தாக வேண்டும். கியர் ராடை வெட்டி ஒட்டியபோது அது இம்மியளவு திருகியிருந்தது. அதனால் இரண்டாவது கியர் தேடித் தேடித்தான் விழும். கிளட்ச்சை விட்டால் வண்டி மொத்தமும் நடுங்கும். கிளட்ச் பிளேட்டையே மாற்றிப் பார்த்தேன், நடுக்கம் போகவில்லை. கடைசியில் பார்த்தால், டனலை விட்டு வெளியே வந்து கியர் பாக்ஸுக்குப் போகிற இடத்தில் கிளட்ச் கேபிளின் உறைக்குழாய் விறைத்து நேராக நின்றது. அது இரண்டு விரல் அளவாவது தொய்ந்து வளைந்திருக்க வேண்டும். அந்த வளைவில் கிடைக்கும் உரசல்தான் நடுக்கத்தை அடக்குகிறது. குழாயின் நுனிக்கும் தாங்கிக்கும் நடுவே இரண்டு வாஷரைச் சொருகியதும் வளைவு வந்தது, நடுக்கம் நின்றது. கிளட்ச் பிளேட் மாற்ற எஞ்சினை இறக்கிய அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. ஆனால் எஞ்சினை முதன்முதலாகத் தனியே இறக்கி ஏற்றக் கற்றுக்கொண்டதும் அந்த இரண்டு நாளில்தான்.

டூப்ளிகேட் என்று சொல்பவர்களிடம் அப்போதெல்லாம் நான் ஒரு வாதம் வைப்பேன். 1948-இல் ஆஸ்திரியாவின் குமுண்ட் என்ற ஊரில் ஃபெர்ரி போர்ஷேயும் அவருடைய ஆட்களும் முதல் 356-ஐ உருவாக்கியபோது அதற்குள் இருந்ததும் பீட்டிலின் எஞ்சின்தான். 1,131 சிசி. சஸ்பென்ஷனும் அங்கிருந்து வந்ததுதான். அடுத்து வந்த வண்டிகளுக்கு அலுமினியத் தகட்டை மர அச்சின் மேல் வைத்துக் கையால் தட்டித் தட்டி உடம்பு செய்தார்கள். “பீட்டிலின் உறுப்புகளை எடுத்து அதன்மேல் தனக்குப் பிடித்த உடம்பை மாட்டுவது டூப்ளிகேட் என்றால், முதல் போர்ஷேயும் அதேதானே?” என்பேன். கேட்டவர் பேச்சை மாற்றிவிடுவார். சரி, வாதத்தில் ஜெயித்தாயிற்று. பெட்ரோல் பங்கில் தலையாட்டிவிட்டு வந்த பிறகு அதே வாதத்தை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. குமுண்டில் வேலை செய்தவர்கள் வண்டியின் மூக்கில் பதித்தது அவர்களுடைய சொந்தப் பெயரை. என் வண்டியின் மூக்கில் இருந்தது அவர்களுடைய பெயர்.

அசலின் பின்னால் ஓடியது

ஸ்பீட்ஸ்டர் பிறந்ததே சிக்கனத்தில். அமெரிக்காவுக்குப் போர்ஷேக்களை இறக்குமதி செய்துகொண்டிருந்த மாக்ஸ் ஹாஃப்மன், 3,000 டாலருக்குள் விற்கிற மாதிரி ஒரு திறந்த வண்டி வேண்டும் என்று கேட்டார். 1954-இல் அது வந்தது. ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடி கிடையாது, மழைக்கு மாட்டிக்கொள்ளப் பக்கத் திரை மட்டும். கழற்றக்கூடிய குட்டையான முன்கண்ணாடி, மெல்லிய துணிக் கூரை, கனமில்லாத சீட்டுகள். 1958-இல் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் வண்டிகள். விலை குறைய வேண்டும் என்று உரித்து எடுத்த வண்டிதான் இன்றைக்கு 356-களிலேயே அதிகம் ஆசைப்படப்படுகிற ஒன்றாக இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு அத்துப்படி என்பதால், முதல் நான்கு வருடம் வண்டியை அசலுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதுதான் மாற்றம் செய்வது என்று நினைத்திருந்தேன். நீர்த்துளி வடிவ டெயில் லாம்ப், ஹாரன் கிரில், மூன்று வட்ட மீட்டர், பம்பர் கொம்புகள், கடைசியாக அந்த ஏழு எழுத்துகள். ஒன்று சரியானதும் அடுத்தது உறுத்தும். ஹெட்லைட் வளையம் அச்சாக அமைந்தவுடன், பானட் ஓரத்து இடைவெளி ஒரு பக்கம் 3 மில்லிமீட்டரும் மறுபக்கம் 6 மில்லிமீட்டருமாக இருப்பது கண்ணில் பட்டது. அதைப் பட்டி வைத்து இழுத்துச் சரிசெய்ததும் கதவின் சத்தம் உறுத்த ஆரம்பித்தது. இரும்புக் கதவு சாத்தினால் ‘தப்’ என்று கேட்கும், ஃபைபர் கதவில் ‘டொக்’ என்ற ஓர் உள்ளீடற்ற சத்தம். கதவுக்குள் தார் ஷீட்டை வெட்டி ஒட்டி, சாத்திப் பார்த்து, மறுபடி திறந்து இன்னொரு துண்டு ஒட்டி ஒரு வாரம் போனது. பக்கத்தில் போகப் போக அசல் விலகிக்கொண்டே போனது என்பதுதான் அந்த நான்கு வருட அனுபவம்.

அப்புறம் சூடு பிரச்சினை. 1,584 சிசி எஞ்சினுக்கு 90.5 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டு 1,776 சிசி ஆக்கியிருந்தேன். பீட்டில் எஞ்சினில் ரேடியேட்டர் கிடையாது, காற்றும் ஆயிலும்தான் சூட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஃபேன் இழுக்கும் குளிர்ந்த காற்று எஞ்சினுக்கு மேலேயும், சூடேறிய காற்று கீழேயும், இரண்டும் கலக்காமல் இருக்க எஞ்சினைச் சுற்றித் தகரத் தடுப்பும் ரப்பர் பட்டையும் உண்டு. பீட்டிலில் அது கச்சிதமாக உட்காரும். என் ஃபைபர் உடம்பில் ஓரமெல்லாம் விரல் நுழையும் சந்து. கீழே போன சூடான காற்றையே ஃபேன் மறுபடி உறிஞ்சிக்கொண்டிருந்தது. சந்துகளை அடைத்தேன், கொஞ்சம் குறைந்தது. அடைத்த பிறகு ஃபேனுக்குக் காற்றே போதவில்லை. ஸ்பீட்ஸ்டரின் பின்மூடியில் இருப்பது ஒரே ஒரு சின்னக் கிரில். அந்த மூடியை முழுசாகக் கழற்றி வைத்துவிட்டு அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டினால் ஆயில் சூடு 118 டிகிரியிலிருந்து 104-க்கு இறங்கியது. காற்று வர வழி வேண்டும் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. பின்சக்கரத்துக்கு மேலே, எஞ்சின் அறையின் இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொரு துளை போட்டால் போதும். ஆனால் அசலில் அங்கே துளை கிடையாது. அந்த ஒரே காரணத்துக்காக நான்கு வாரம் தள்ளிப்போட்டேன். தூரப் பயணம் கிடையாது, ஏற்றத்தில் மெதுவாக, மீட்டரைப் பார்த்துப் பார்த்து. பெட்ரோல் பங்க் சம்பவம் நடந்து இரண்டு மாதம் ஓடியிருந்த நேரம் அது.

வெட்டிய வட்டு

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முகமூடியை மாட்டிக்கொண்டு ஜிக்சாவை எடுத்தேன். பத்து சென்டிமீட்டர் வட்டம், பக்கத்துக்கு ஒன்று. வெள்ளைத் தூசி கிளம்பியது. கூடவே, காய்ந்து எத்தனையோ வருடமான ரெசினின் காட்டமான வாசனை, நேற்று ஊற்றிய மாதிரி. முதல் வட்டு கையில் விழுந்தது. அதன் விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஐந்து மில்லிமீட்டர் கனம். மேலே நூலளவு ஜெல்கோட் என்ற மேற்பூச்சு, அதற்குக் கீழே தேன் நிறத்தில் ரெசின், அதற்குள் தலைமுடியை அமுக்கி வைத்த மாதிரி கண்ணாடி நார்கள். மூன்று அடுக்கு எண்ண முடிந்தது. நடுவில் கடுகளவு ஒரு காற்றுக் குமிழி, ரோலர் தவறவிட்ட இடம். யாரோ ஒருவர் அச்சுக்குள் குனிந்து, நாரை விரித்து, ரெசினைத் தோய்த்து, இறுகுவதற்குள் ரோலரால் அழுத்தி அழுத்திச் செய்திருக்கிறார். இத்தனை வருடமும் நான் இதை இரும்பாகத் தெரியவைக்கத்தான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். இது துருப்பிடிக்காது, வெட்டலாம், பிடிக்காவிட்டால் மறுபடி நார் வைத்து மூடலாம். இதற்கென்று ஒரு குணம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பக்கத்து அறையில் மகள் தமிழ்த் தேர்வுக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். “ஒரு சொல்லில் ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து, பொருள் மாறாமல் இருப்பது போலி.” அறம், அறன். ஐந்து, அஞ்சு. திடீரென்று நிறுத்திவிட்டு, “அப்பா, போலின்னா டூப்ளிகேட்தானே? அப்புறம் எப்படி இதைத் தப்பு இல்லைங்கறாங்க?” என்று கேட்டாள். “இது அந்தப் போலி இல்லம்மா. ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு நிக்குது. அர்த்தம் மாறலை, அதனால தப்பு இல்லை” என்றேன். “அர்த்தம் மாறிட்டா?” “மாறிட்டா அது வேற சொல்.” அவள் படிப்புக்குத் திரும்பிவிட்டாள். நான் வட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

இரும்பின் இடத்தில் ஃபைபர், பழைய எஞ்சின் இடத்தில் 1,776 சிசி. உட்கார்ந்து ஓட்டினால், குட்டைக் கண்ணாடியைத் தாண்டி நெற்றியில் அறையும் காற்று, தரையிலிருந்து முளைத்து நிற்கும் பெடல்கள், முதுகுக்குப் பின்னால் எஞ்சினின் உறுமல். ஸ்பீட்ஸ்டர் என்றால் எனக்கு இவைதான். அந்தப் பொருள் எங்கேயும் மாறவில்லை. மாறிய இடம் ஒன்றே ஒன்று. மூக்கில் இருந்த ஏழு எழுத்துகள், இந்த வண்டியைச் செய்தது யார் என்று சொல்கின்றன. அது உண்மை இல்லை. இதைச் செய்தது, மறுபக்கம் வந்ததும் கை சோர்ந்துபோன அந்த முகம் தெரியாத மனிதரும், அவருக்குப் பிறகு நானும். பையனின் விரல் நின்ற இடமும் அதுதான். நான் தலையாட்டியிருக்காவிட்டாலும் அந்த எழுத்துகள் அவனிடம் ஏற்கெனவே ஆமாம் என்று சொல்லிவிட்டிருந்தன.

மறுநாள் காலையில் கழற்றினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் இரண்டு ஊசிக் கால், உட்புறம் ஸ்பிரிங் கிளிப். பானட்டைத் திறந்து, கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு கிளிப்பாக நெம்பி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. பதினான்கு துளைகள். ஒவ்வொன்றின் வாயையும் கிண்ணம் போல அகலப்படுத்தி, பின்பக்கம் நார்த் துண்டு ஒட்டி, முன்னால் ரெசின் நிரப்பித் தேய்த்தேன்.

அதற்குப் பிறகு

அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள் எதற்கும் நான் அசலின் படத்தை எடுத்துப் பார்க்கவில்லை. சீட் பெல்ட்டைத் தரைத்தட்டின் இரும்பிலும், அதோடு பற்றவைத்த குழாய்ச் சட்டத்திலும், பின்னால் தடித்த பட்டை வைத்து முடுக்கினேன். ஃபைபரில் போல்ட் போட்டு பெல்ட் மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். மோதினால் போல்ட்டோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும், தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டேன். பீட்டில் எஞ்சினில் ஆயிலுக்கு ஒரு கம்பி வலைதான் உண்டு, அதனால் தனியாக ஃபில்டர் சேர்த்தேன்.

எர்த் வேலைதான் நாள் பிடித்தது. இரும்பு வண்டியில் உடம்பே எர்த், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. எந்த விளக்கையும் உடம்போடு முடுக்கினால் வேலை முடிந்தது. ஃபைபரில் மின்சாரம் ஓடாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி ஒயர் வேண்டும். என் வண்டியில் பிரேக்கை மிதித்தபடி இண்டிகேட்டர் போட்டால் டெயில் லாம்பும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கும். திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் பக்கத்து பல்பு வழியாகப் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. தடித்த கறுப்பு ஒயர் ஒன்றை மூக்கிலிருந்து வால் வரை இழுத்து, எல்லா விளக்கையும் அதில் சேர்த்த அன்றிரவு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ஒவ்வொரு விளக்கும் தன் வேலையை மட்டும் செய்தது.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கார்புரேட்டர் மாட்டியதில்தான் எனக்கு அதிகச் சந்தோஷம். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து மறுநுனியை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடித்தால் ‘உஸ்’ என்ற சத்தம் கேட்கும். இரண்டு சத்தமும் ஒன்றாகும்வரை ஸ்குருவைத் திருப்புவேன். முதலில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சரிசெய்துவிட்டேன், பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் தப்பிப்போனது. சூடேறினால் இந்தப் படுக்கை எஞ்சின் அகலவாக்கில் விரிகிறது. நடுவே இருக்கும் இணைப்புக் கம்பியின் அளவு மாறிவிடுகிறது. இப்போது ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கை சுடச்சுடத்தான் செட் செய்கிறேன்.

விடியும் முன் கிளம்பி, மலைப்பாதை மாதிரி வளைவுகள் உள்ள சாலையில் ஓட்டுவது பிடிக்கும். பழைய பீட்டிலின் பின் ஆக்சில் ஆகையால் வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வால் வீசும். நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே போனதும் மெல்ல அழுத்திக்கொண்டே வெளியே வர வேண்டும். ஆயில் 95 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. பின்னால் அந்த இரண்டு துளைகளும் காற்றை இழுக்கிற சத்தம், எஞ்சின் சத்தத்துக்கு மேலே தனியாக, சங்கு ஊதுகிற மாதிரி கேட்கிறது.

பெட்ரோல் பங்கில் இப்போது யாரும் ஒரிஜினலா என்று கேட்பதில்லை. “என்ன வண்டி சார் இது?” என்கிறார்கள். பதில் சொல்லப் பத்து நிமிடம் ஆகிறது. ஆர்வம் காட்டுபவர்களுக்குக் கார்பெட்டைத் தூக்கி வெல்டிங் கோட்டைக் காட்டுகிறேன். அந்த அப்பாவையும் பையனையும் மறுபடி பார்க்கவில்லை.

நான் அடைத்த துளைகளின் மேல் பெயிண்ட் அடித்து ஒரு வருடம் ஆகிறது. பாலியெஸ்டர் ரெசின் இறுகி முடிந்த பிறகும் மெல்லச் சுருங்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது மூக்கில் பதினான்கு புள்ளிகள் லேசாக உள்வாங்கித் தெரிகின்றன. பெயிண்டர் பார்த்துவிட்டு, “தேய்ச்சு இன்னொரு கோட் அடிச்சிரலாம்ணே, ரெண்டு நாள் வேலை” என்றார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்ணுக்குத் தப்பினாலும் விரல் வைத்தால் எந்த எழுத்து எங்கே இருந்தது என்று வரிசையாகச் சொல்லிவிடலாம்.